கட்டத்துக்கு வெளியே ஒரு ‘ல்’

பிறப்பது சுலபம் என்பதில் அந்த மருத்துவமனையில் இரண்டு கருத்து இருக்கவில்லை. பெற்றவர்களை யாரும் கேட்கவில்லை, அது வேறு விஷயம். மூன்றாவது மாடியில் நாளொன்றுக்கு ஏழெட்டுப் பேர் பிறந்து, எடை பார்க்கப்பட்டு, துண்டில் சுற்றப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வில்லங்கமெல்லாம் தரைத்தளத்தில் இருந்தது. பிறந்தவர் போகப்போகும் வீடு அவருக்குத் தகுதியானதுதானா என்பதை அங்கே ‘பச்சிளம் சிசு உபகரணத் தகுதிக் குழு’ தீர்மானித்தது.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இது தெரியாது. அவருக்குப் பெண் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்று காலை பத்து மணிக்கு டாக்டரம்மா வந்து தாயைப் பார்த்தார், சேயைப் பார்த்தார், “ரெண்டு பேரும் ஜோரா இருக்காங்க, கிளம்பலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். மெக்கானிக்கின் மனைவி அதற்கு முன்பே பையைக் கட்டி முடித்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுவாள். அவள் நிறுத்தினால் இந்தக் குழந்தை ஆரம்பிக்கும். மூன்று நாளாக இரண்டு பேருக்கும் நடுவில் கண் மூடாமல் கிடந்தவளுக்கு வீடு என்ற சொல்லே தாலாட்டாகக் கேட்டது.

“பேப்பர் எல்லாம் ரெடி. கீழ போய் ஒரே ஒரு சான்று மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க” என்றார் நர்ஸ். “அஞ்சு மணிக்குள்ள வாங்கிடுங்க. நாளையிலேர்ந்து நாலு நாள் அவங்களுக்கு லீவு. சான்று இல்லாம குழந்தையை வெளிய விட மாட்டாங்க.”

“என்ன சான்று சிஸ்டர்?”

“குழந்தைக்கு வேண்டிய சாமான் எல்லாம் வீட்டுல இருக்குன்னு சான்று.”

மெக்கானிக் சிரித்தார். இதில் அவருக்குப் பயமே இல்லை. பருத்தித் துணி இரண்டு டஜன், சட்டை ஆறு, போர்வை மூன்று, கொசுவலை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே அக்கா கொடுத்த மரத் தொட்டில். அக்காவின் நான்கு பிள்ளைகளும் அதில் தூங்கி எழுந்தவர்கள். நான்காமவன் பல் முளைத்த ஜோரில் அதன் ஒரு சட்டத்தைக் கடித்துவைத்த தடம் இன்னும் இருக்கிறது. போன வாரம்தான் மெக்கானிக் அதன் திருகாணிகளை எல்லாம் கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி முடுக்கி, தன் கருவிப் பெட்டியை உள்ளே கிடத்தி அரை மணி நேரம் ஆட்டிப் பார்த்திருந்தார். பாரம் தாங்குகிற எதையும் சோதிக்காமல் விடக் கூடாது என்பது தொழில் தர்மம்.

“பத்தே நிமிஷம்” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். இறங்கும்போது லிஃப்டின் கதவு லேசாக முனகியது. மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

அலுவலகத்தின் முதல் மேசையில் முத்திரை அம்மாள் உட்கார்ந்திருந்தார். கைக்கெட்டிய காகிதத்திலெல்லாம் முத்திரை குத்துவதால் அந்தப் பெயர். மேசை விரிப்பிலும் நாலைந்து குத்து இருந்தது.

“இது அத்தியாவசியப் பட்டியல். அறுபத்து நாலு சாமான். இருக்கறதுக்கு நேரே ‘உண்டு’ போடுங்க.”

ஆய கலைகளும் அறுபத்து நான்கு என்பது மெக்கானிக்குக்கு நினைவு வந்தது. ஆனால் அவற்றில் ஒன்றுகூடத் தெரியாமல் அவர் இத்தனை வருஷம் காலம் தள்ளிவிட்டார். இது அப்படியில்லை போலிருந்தது. துடைக்கும் ஈரத்தாளைச் சூடாக்கும் கருவி. சூடு மிஞ்சினால் அதை ஆற்றும் கருவி. ரப்பர் சூப்பான். சூப்பான் தொங்கும் சங்கிலி. சங்கிலி வைக்கும் உறை. அழுகைப் பகுப்பாய்வுக் கருவி. கொட்டாவிப் பதிவேடு. நடைக்காலணி இரண்டு ஜோடி. மெக்கானிக் தேடித் தேடி நான்கு இடத்தில் ‘உண்டு’ போட்டார்.

“நாலா?” முத்திரை அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். “அப்ப நீங்க ‘குறைப் பெற்றோர்’ வகுப்புல வர்றீங்க. பரவாயில்லை, அதுக்கும் வழி வச்சிருக்கோம். உரை கேக்கணும், வண்டித் தேர்வு குடுக்கணும், உறங்கு சாதனப் பரிசோதனை ஆகணும். கடைசியா தலைவர் கையெழுத்து.”

“இந்தச் சாமானையெல்லாம் நீங்க விக்கறீங்களாம்மா?”

“ஐயையோ, நாங்க எதுக்கு விக்கறோம்? வற்புறுத்தறதோட சரி” என்று அவர் ஒரு படிவத்தை நீட்டினார். “பதினேழாம் பத்தியை மட்டும் நிரப்புங்க.”

பதினேழாம் பத்தி: ‘சிசு உறங்கும் சாதனம். கட்டத்துக்கு ஓர் எழுத்து.’ கட்டம் மூன்று இருந்தது. மெக்கானிக் கவனமாக முதல் கட்டத்தில் ‘தொ’ போட்டார், இரண்டாவதில் ‘ட்’ போட்டார், மூன்றாவதில் ‘டி’ போட்டார். கையில் ஒரு ‘ல்’ மிச்சம் இருந்தது. போட இடம் இல்லை. கட்டத்துக்கு வெளியே, வலது பக்கம், சின்னதாக, புள்ளியோடு எழுதிவைத்தார்.

முத்திரை அம்மாள் படிவத்தை வாங்கி வாய்விட்டுப் படித்தார். “தொட்டி.” டம்மென்று முத்திரை விழுந்தது.

“தொட்டி இல்லைம்மா. தொட்டில்! பக்கத்துல ‘ல்’ இருக்கு பாருங்க.”

“கட்டத்துக்கு வெளிய இருக்கே. வெளிய எழுதறதெல்லாம் நாங்க படிக்கறதில்லை.”

“நாலு எழுத்தை எப்படிம்மா மூணு கட்டத்துல எழுதறது?”

“அதுக்கேத்த சாமானா வச்சுக்கணும். மெத்தை எழுதலாம். போன வாரம் ஒருத்தர் ‘பெட்டி’ன்னு எழுதினார், அவ்வளவு கச்சிதம்! கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு.”

“அப்ப அடிச்சுட்டு மெத்தைன்னு எழுதிடறேன்.”

“அடித்தல் திருத்தல் இருந்தா படிவம் செல்லாது.”

“வேற படிவம் குடுங்க.”

“ஒரு குழந்தைக்கு ஒரு படிவம்தான் சார். புதுப் படிவம் வேணும்னா...” அம்மாள் கூரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். “புதுக் குழந்தை வேணும்.”

மனைவியிடம் இதைச் சொல்லிப் பார்க்கும் தைரியம் மெக்கானிக்குக்கு இல்லை. உரை கேட்கப் போனார்.

உரை மண்டபத்தில் நாற்பது நாற்காலியும் ஒரு தலைவரும் இருந்தார்கள். மற்ற குறைப் பெற்றோர்கள் விவரம் தெரிந்தவர்கள். அறுபத்து நாலுக்கும் ‘உண்டு’ போட்டுவிட்டு நேற்றே வீட்டுக்குப் போயிருந்தார்கள். தலைவர் நடு வயதுக்காரர், கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை தொங்கியது. கேட்க வந்த ஆள் ஒருவரே என்றாலும் ஒலிபெருக்கியில்தான் பேசினார்.

“பெற்றோர்களே! தேவை இருக்கறதால சாமான் வாங்கறது கற்காலம். சாமான் இருக்கறதால தேவையைக் கண்டுபிடிக்கறோமே, அதுக்குப் பேர்தான் வளர்ச்சி. இந்தக் குழு ஆரம்பிச்சப்ப பட்டியல்ல பதினொண்ணுதான் இருந்துச்சு. குழந்தைங்க எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்! நான் பொறுப்பேத்த பிறகு அறுபத்து நாலாக்கினேன். இந்தச் சாதனைக்குக் குழந்தைங்க தரப்புலேர்ந்து இதுவரைக்கும் ஒரு மறுப்பு வரலை.”

மெக்கானிக் கை தூக்கினார். “ஐயா, நடக்காத குழந்தைக்குச் செருப்பு எதுக்கு?”

“நல்ல கேள்வி. நடந்தா தேஞ்சு போயிடும். நடக்கறதுக்கு முன்னாடி போட்டாத்தான் புதுசா இருக்கும்.”

“அழுதா எதுக்கு அழுதுன்னு கண்டுபிடிக்கக் கருவி போட்டிருக்கீங்களே. பசிக்கு அழும், ஈரத்துக்கு அழும். அழுத பிள்ளை பால் குடிக்கும்னு சொல்லுவாங்க...”

“அது யூகம்! கருவி வச்சா அறிக்கை வரும். அறிக்கை வந்த பிறகு பால் குடுத்தா அது நடவடிக்கை. முன்னாடியே குடுத்தா அது வெறும் பாசம்.” தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு மெக்கானிக்கின் படிவத்தைக் கையில் எடுத்தார், முகம் இறுகியது. “தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்பாங்க. உங்க குழந்தைக்கு என்ன பழக்கம் வரப்போகுது? தொட்டிப் பழக்கம்! யோசிச்சுப் பாத்தீங்களா?”

“ஐயா, அது தொட்டில்தான். ‘ல்’ வெளிய நிக்குது.”

“எல்லாரும் இதையேதான் சொல்றாங்க” என்றார் தலைவர் வருத்தத்துடன்.

மெக்கானிக் மெதுவாகக் கேட்டார். “ஐயாவுக்குக் குழந்தைங்க எத்தனை?”

“குழந்தையா?” தலைவர் திடுக்கிட்டார். “இருபத்து மூணு வருஷமா இந்தக் குழுவுல இருக்கேன். ஒரு குழந்தையைக்கூட நேர்ல பாத்ததில்லை. மூணாவது மாடிக்கு நான் போறதே கிடையாது. பாத்துட்டா அதுக்கு என்ன வேணும்னு தோண ஆரம்பிச்சுடும். அப்புறம் நடுநிலை என்னாகறது?”

அடுத்தது வண்டித் தேர்வு. குழுவிடம் ஒரு தள்ளுவண்டி இருந்தது. நான்கு சக்கரம், மேலே கூரை, கீழே கூடை, முன்னால் தட்டு, ஆறு தாழ்ப்பாள். உள்ளே ஒரு ரப்பர் பொம்மை கட்டப்பட்டிருந்தது. ஒரு கையால் பொம்மையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வண்டியை மடக்க வேண்டும். தலைவரே கையில் கடிகாரத்தோடு நின்றார்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார், குனிந்து பார்த்தார், சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து ஓர் இடத்தில் தொட்டார். வண்டி குடை மாதிரி மடங்கிக்கொண்டது.

“நாலு நொடி” என்றார் தலைவர் அதிர்ச்சியோடு. “தோல்வி! குறைந்தபட்ச நேரம் பதினொரு நிமிஷம். அதுக்குக் கீழ முடிச்சா அலட்சியம்னு கையேட்டுல இருக்கு.”

“ஐயா, அதை விடுங்க. இடது பக்கத் தாழ்ப்பாள் தேஞ்சு கிடக்கு, ஸ்பிரிங் புடிக்க மாட்டேங்குது. மடக்கி வச்சா தன்னால விரிஞ்சுக்கும். குறுகலான இடத்துல விரிஞ்சா ஆளை அமுக்கிடும்.”

“பயிற்சி வண்டியைக் குறை சொல்றது ஒழுங்கீனம்” என்றார் தலைவர். இரண்டாவது தடவை மெக்கானிக் வேண்டுமென்றே தடுமாறி, கையைப் பிசைந்து, பொம்மையை ஒரு தடவை கீழே போட்டுப் பன்னிரண்டு நிமிஷத்தில் மடக்கினார். “பாத்தீங்களா, பொறுப்பு வந்துடுச்சு!” என்று தலைவர் தட்டிக்கொடுத்தார்.

மணி இரண்டரை. மிச்சம் இருந்தது உறங்கு சாதனப் பரிசோதனை. பதினேழாம் பத்தியில் தொட்டி என்று இருந்ததால் பரிசோதனைக்கு வந்தவர் நீர்நிலைப் பார்வையாளர். முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டு, கையில் அளவுகோலோடு வந்தார். முகத்தில் மட்டும் நல்ல மனுஷக் களை.

“தொட்டி எத்தனை லிட்டர்?”

“தொட்டியே இல்லைங்க.”

“மூடி இருக்கா?”

“இல்லாத தொட்டிக்கு மூடி எப்படிங்க இருக்கும்?”

“மூடி இல்லை” என்று அவர் எழுதிக்கொண்டார். “ரொம்ப ஆபத்து. உடனே தொட்டியை மூடிடுங்க. மூடின தொட்டியை நான் வந்து பாத்து ஒப்பம் போட்டுடறேன்.”

“தம்பி, இல்லாததை எப்படி மூடறது?”

பார்வையாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கஷ்டம்தான் அண்ணே. எனக்குப் புரியுது. ஒண்ணு பண்ணுங்க. முதல்ல ஒரு தொட்டி கட்டுங்க. அப்புறம் மூடுங்க.”

மெக்கானிக் மூன்றாவது மாடிக்குப் போனார். அவர் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது. மூன்று நாள் வயசான மகள் அம்மாவின் தோளில் கிடந்து, அழுகைப் பகுப்பாய்வு எதுவும் இல்லாமலே அழுதுகொண்டிருந்தாள்.

“பத்து நிமிஷம்னு போனீங்க. என் பொண்ணு பள்ளிக்கூடம் சேர்றதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவோமா?”

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ‘ல்’ வெளியே நின்ற இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தொட்டியைக் கட்டிவிட்டு மூடுகிற இடத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, தையல் வலிக்குதுங்க, நிறுத்துங்க!” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஏங்க, இந்த அறுபத்து நாலுல குளிப்பாட்ட ஒண்ணும் இல்லையா?”

மெக்கானிக் பட்டியலைப் புரட்டினார். குளிநீர் வெப்பமானி இருந்தது. நுரை அளவி இருந்தது. குளித்த சிசுவுக்கான பாராட்டிதழ்கூட இருந்தது. தண்ணீர் ஊற்றிவைக்க மட்டும் எதுவும் இல்லை.

“நம்ம வீட்டுலயும் இல்லை. உங்க கருவிப் பெட்டியை ஆட்டிப் பாத்தீங்களே, பொண்ணை எதுல குளிப்பாட்டறதுன்னு யோசிச்சீங்களா?” என்றாள். “எதிர்க்கடையில போய் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிட்டு வாங்க. பிள்ளை குளிக்கறதுக்கு. அவங்களுக்குத் தொட்டி வேணும், நமக்கும் தொட்டி வேணும். எதுக்குச் சண்டை?”

இத்தனை வருஷம் திருப்புளியை இவளிடம் கொடுக்காமல் தன் சட்டைப் பையில் வைத்திருந்தது தவறோ என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

நீல நிறத் தொட்டி. ஒன்றரை முழ நீளம், ஒரு சாண் ஆழம், அடியில் ஒரு வாத்துப் படம். நீர்நிலைப் பார்வையாளர் மூன்றாவது மாடிக்கே வந்து அளந்தார். ஓரத்தைத் தட்டிப் பார்த்தார், வாத்தைக் குறித்துக்கொண்டார்.

“தொட்டி இருக்கு. சந்தோஷம். ஆனா படிவத்துல சிசு இதுல உறங்கறதா இருக்கே. நான் கண்ணால பாக்கணும் அண்ணே.”

“மூணு நாளா இவ எங்கயுமே உறங்கலை தம்பி” என்றாள் மனைவி. ஆனாலும் போர்வையை நாலாக மடித்துத் தொட்டியில் விரித்து, மகளைக் கிடத்தினாள். குழந்தை வீறிட்டது. கையை விரித்தது. இரண்டு பக்கமும் விளிம்பு தட்டுப்பட்டது. அம்மா வயிற்றுக்குள் இருந்த நெருக்கம் ஞாபகம் வந்ததோ என்னவோ, முகத்தைச் சுளித்து, ஒரு தடவை விக்கி, தூங்கிப் போனது.

வார்டே அமைதியானது. பார்வையாளர் மூச்சை அடக்கி, பேனா உரசாமல் ஒப்பம் போட்டார். போகும்போது ரப்பர் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

மணி நாலு நாற்பது. தலைவரின் கையெழுத்துதான் பாக்கி. மெக்கானிக் படிவத்தோடு கிளம்பும்போது லிஃப்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. கதவு முனகல் இல்லை. மனுஷ முனகல்.

நாலு நாள் லீவு என்பதால் தலைவர் தள்ளுவண்டியைப் பத்திரப்படுத்த நான்காவது மாடிக் கிடங்குக்குக் கொண்டுபோயிருக்கிறார். மூன்றாவது மாடியை நெருங்கும்போது இடது பக்கத் தாழ்ப்பாள் விட்டுப்போயிருக்கிறது. வண்டி முழுதாக விரிந்து, கூரை ஒரு பக்கமும் கைப்பிடி கதவுப் பக்கமும் முட்டி, லிஃப்ட் நின்றுவிட்டது.

“யாராவது இருக்கீங்களா?” என்றது உள்ளே குரல். இந்த முறை ஒலிபெருக்கி இல்லை.

“இருக்கேன் ஐயா. அசையாதீங்க. எந்த பட்டனையும் தொடாதீங்க.”

மெக்கானிக் நர்ஸிடம் கேட்டு மின்சாரத்தை முதலில் நிறுத்தினார். சாவிக்கொத்திலிருந்து முக்கோணச் சாவியை எடுத்து வெளிக்கதவைத் திறந்தார். லிஃப்ட் தரைக்கு அரையடி கீழே நின்றிருந்தது. உள்கதவைக் கையால் விலக்கினார். வண்டியின் தட்டுக்கும் கூரைக்கும் நடுவே தலைவர் மடங்கி உட்கார்ந்திருந்தார். மடியில் ரப்பர் பொம்மை. அழுத பிள்ளை பால் குடிக்கும். அழுத தலைவருக்குக் கதவு திறந்தது.

நாலு நொடியில் வண்டி மடங்கியது. “குறைந்தபட்ச நேரம் பதினொரு நிமிஷம் ஐயா. வேணும்னா மறுபடி விரிச்சுட்டு மெதுவா...”

“வேண்டாம், வேண்டாம்!” என்று தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்.

ஏறி நின்ற இடம் மூன்றாவது மாடி. எதிரே மெக்கானிக்கின் மனைவி, ஒரு கையில் பையும், பக்கத்து நாற்காலியில் நீலத் தொட்டியுமாக நின்றாள். இருபத்து மூன்று வருஷ நடுநிலை தலைவரின் முகத்திலிருந்து வடிந்தது. அவர் குனிந்து பார்த்தார். குனிந்த வேகத்தில் நாடாவும் அட்டையும் தொட்டிக்குள் தொங்கின. தூக்கத்திலேயே குழந்தை ஒரு கையை நீட்டி அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டது.

“விடச் சொல்லுங்கம்மா.”

“அவ எங்க சொல்றதைக் கேக்கறா? நீங்களே சொல்லிப் பாருங்க.”

தலைவர் குனிந்தபடியே இருந்தார். மணி நாலு ஐம்பத்தைந்து. “இதுக்கு...” என்று ஆரம்பித்தார். “இதுக்கு என்னம்மா வேணும்?”

“வீட்டுக்குப் போகணும்” என்றாள் அவள்.

குனிந்த நிலையிலேயே, மடங்கிய வண்டியின் தட்டில் படிவத்தை வைத்து, தலைவர் கையெழுத்துப் போட்டார். பட்டியல் அறுபத்தைந்தாகப் போகிறது, தொட்டி என்று ஒன்று சேர்க்க வேண்டும் என்று முணுமுணுத்தார். அட்டையைக் குழந்தையின் விரல்களிலிருந்து எடுக்க முடியாததால் நாடாவைக் கழுத்திலிருந்து கழற்றிவிட்டார்.

கீழே முத்திரை அம்மாள் சான்றை எழுதி வாசித்தார். “சிசு தொட்டியில் உறங்குகிறது.” எட்டிப் பார்த்தார். உறங்கிக்கொண்டிருந்தது. அந்த அலுவலகத்திலிருந்து வெளியேறிய காகிதங்களிலேயே முழு உண்மை எழுதப்பட்ட முதல் காகிதம் அது. டம்மென்று குத்தப்போனவர், குழந்தையைப் பார்த்து, மெதுவாக ஒற்றியெடுத்தார்.

வீட்டு வாசலில் அக்கா காத்திருந்தாள். “ஏண்டா, காலையில வர்றேன்னுட்டு விளக்கு ஏத்தற நேரத்துக்கு வர்றீங்க? எங்கடா என் மருமக?” தொட்டிக்குள் பார்த்தாள். “என்னடா இது, துணி ஊறவைக்கற மாதிரி கொண்டாந்திருக்க? கையில வேற என்னமோ பதவி கொண்டாந்திருக்கா! எடுத்துத் தொட்டில்ல போடுங்க.”

“அண்ணி, கையை வச்சீங்க, அவ்வளவுதான்!” என்றாள் மனைவி. “மூணு நாள்ல இப்பத்தான் தூங்கறா. யாரும் தொடக் கூடாது.”

மூன்று பேரும் யோசித்தார்கள். பிறகு மெக்கானிக் நீலத் தொட்டியை அப்படியே தூக்கி மரத் தொட்டிலுக்குள் இறக்கினார். விளிம்புக்கு விளிம்பு, அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். திருகாணி ஒன்றுகூட முனகவில்லை.

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “இப்ப இதை நான் தொட்டின்னு சொல்றதா, தொட்டில்னு சொல்றதாடா?”

“தொட்டிதான் அக்கா” என்றார் மெக்கானிக். “‘ல்’ வெளிய நிக்குது.”